ஒரு குடித் தேன்

கரைவலை இழுத்து இழுத்து அபுல் ஹஸனின் வலது தோள் தேய்ந்து, கையைக் காதுக்கு மேலே தூக்க முடியாமல் போன வருஷத்தில், அவன் பெண்சாதி றாஹிலா வளவில் வைத்திருந்த தேன்பெட்டிகள் தரையைவிட்டு ஒரு முழம் எழும்பி நின்றன. அன்று காலை அவனுக்கு வலி வழமையைவிட அதிகம். சாரத்தை ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு முகம் கழுவப் போனவன்தான் முதலில் கண்டான். பெட்டிகளுக்குக் கீழே ஒரு கோழி நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தது. அவன் குசினி வாசலில் நின்று, "இஞ்ச பாருகா, பெட்டியெல்லாம் எழும்பிட்டு," என்றான். றாஹிலா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "எழும்பினா நல்லம்தானே. இனிக் குனிஞ்சி இடுப்பொடியத் தேவல்ல," என்றாள். சாய்ந்தமருதில் அன்று கீரி மீன் மலிந்து கிடந்தது. சந்தையில் அதைப் பற்றித்தான் அதிகம் கதைத்தார்கள்.

பெட்டி எழும்பிய காரணம் எல்லாருக்கும் விளங்கக்கூடியது. வேறு ஆட்களின் பெட்டிக்குள் வெக்கை ஏறினால் ஒரு தேனீக்கு முந்திச் சுடும், அது சிறகை விசிறத் தொடங்கும். இன்னொன்றுக்குப் பிந்திச் சுடும், அது பிறகு சேரும். சிலதுக்குச் சுடவே சுடாது, அதுகள் தண்ணீர் எடுக்கப் போகும். றாஹிலாவின் தேனீக்கள் எல்லாவற்றுக்கும் ஒரே கணத்தில் சுட்டது, எல்லாம் ஒரே கணத்தில் விசிறின, பெட்டி எழும்பியது. ஏன் அப்படிச் சுட்டது என்றால், அதுகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே தேனீ. நிறம் ஒன்று, நீளம் ஒன்று, குணம் ஒன்று. காலையில் ஒரே பூவுக்குத்தான் போகும். அந்தப் பூ முடிந்தால் ஒன்றாகத் திரும்பிவந்து ஒன்றாகச் சும்மா இருக்கும்.

அதுகள் எல்லாம் ஓர் அலுமாரிக்குள் இருந்து வந்தவை. கடல் வந்து போன பிறகு கரையோரத்தில் நின்ற மரங்கள் கொஞ்சம். மரப்பொந்துத் தேனீக்களும் மனிதர்களோடு போய்விட்டன. றாஹிலாவின் உம்மாவும் கூடப்பிறந்த இரண்டு ராத்தாமாரும் அந்த அலையில் மௌத்தானார்கள். உம்மாவின் வளவில் மிஞ்சியது மல்லாந்து கிடந்த ஓர் அலுமாரி மட்டும். அதை நிமிர்த்திக் கதவைத் திறந்தபோது உள்ளே ஒரு கைப்பிடியளவு கறுத்த சின்னத் தேனீக்கள் இருந்தன, நடுவில் ஒரு ராணி. றாஹிலா அந்த வருஷங்களில் சீமெந்துக் கல் அரிந்தாள், நாவிதன்வெளியில் களைபிடுங்கினாள், கலியாண வீடுகளில் கிடாரம் கழுவினாள். பகல் முழுவதும் உழைத்துவிட்டு வந்து அலுமாரிக்கு முன்னால் குந்தி, தேனீ போய்வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு பாண்டிருப்பு மதுஷனிடம் பலகைப் பெட்டி ஒன்று வாங்கினாள். கூட்டம் பிரியப் பிரியப் பெட்டிகள் கூடின. பெற்றோலுக்குச் சனம் வரிசையில் நின்ற வருஷம் அவள் கல் அரிவதை விட்டாள். தேன் வீட்டைப் பார்த்துக்கொண்டது.

இந்தக் கரையில் பிள்ளைக்குக் குடி என்கிற வம்சம் உம்மா வழியில் வருகிறது. உம்மாவின் குடிதான் பிள்ளையின் குடி. ஒரே குடிக்காரர் எங்கே பிறந்திருந்தாலும் காக்கா தங்கச்சி, அதாவது அண்ணன் தங்கை முறை, கலியாணம் முடிக்க முடியாது. வேறு குடி மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவான். மகளுக்கு உம்மா தன் வளவிலேயே வீடு கட்டிக் கொடுப்பாள். மகள் எங்கும் போவதில்லை. றாஹிலா இதே முறையைத்தான் தேனீக்களுக்கும் செய்தாள். புதிதாகப் பிறந்த ஒவ்வொரு ராணிக்கும் தாய்ப்பெட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு பெட்டி. வரிசை நீண்டு கிணற்றடி வரை போனது. ஆனால் மாப்பிள்ளை விஷயத்தில் அவள் கடலை நினைத்தாள். வெளியே போனது திரும்பி வராது என்பது அவள் கண்டது. கன்னி ராணி ஆகாயத்தில் பறந்து போய் எங்கோ ஓர் ஊர் ஆண் தேனீயோடு கலந்துவிட்டு வருவதை அவளால் பொறுக்க முடியவில்லை.

ஆகவே அபுல் ஹஸன் வலை கட்டினான். கண் அளவு அவன் பார்த்தது. வேலைக்காரத் தேனீ சின்னது, உடம்பை ஒடுக்கிக்கொண்டு நுழைந்து போகும். ராணியும் ஆண் தேனீயும் பெருத்த உடம்பு, நுழையாது. அந்தக் கண்ணளவில், தேய்ந்த தோளோடு, முடிச்சு முடிச்சாகப் பின்னி, பக்கத்துப் பொடியன்களை மரமேற்றிக் கட்டவைத்து, தென்னைகளின் தலைக்கு மேலே கூடாரமாக வளவு முழுவதையும் மூடினான். வளவுக்கு வெளியே பக்கத்து வீட்டுக் கிணற்றுச் சுவரில் இருந்த காட்டுக் கூட்டையும் வேம்பில் இருந்ததையும் றாஹிலா புகை போட்டுக் கலைத்தாள். வேலைக்காரிகள் போய்த் தேன் கொண்டுவந்தன. ராணிகள் வலைக்குக் கீழேயே பறந்து, பக்கத்துப் பெட்டி ஆண்களோடு கலந்துவிட்டு இறங்கின. அந்த வருஷம்தான் பெட்டிகள் எழும்பின.

மதுஷன் நாவிதன்வெளி வயல் வரம்புகளில் தேன்பெட்டி வைத்திருக்கிறவன். அவனுடைய லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒழுங்கைச் சந்துக்குள் வந்தால் பிள்ளைகள் பின்னால் தொங்குவார்கள். வலையைக் கண்டதும் அவன் இஞ்சினை நிறுத்தினான்.

"என்னக்கா, ஆகாயத்துல மீன் பிடிக்கிறியளோ?"

"உன்ட மஞ்சப் பூச்சி வந்து என்ட புள்ளையள்ற வாசல்ல நிக்கப்படா. அதுக்குத்தான்."

"அப்ப மாப்பிள?"

"மாப்பிள பக்கத்துப் பெட்டியில இரிக்கி."

மதுஷன் தலையைச் சொறிந்தான். "ஆண் பூச்சிக்கு அப்பன் இல்ல, தெரியுமோ அக்கா? ராணி கலக்காம இடுற முட்டைதான் ஆணாப் பொரிக்கும். அதுக்குத் தாய் மட்டும்தான். அதாலதான் சொல்லுறன்..."

"தாய் மட்டுமா?" றாஹிலாவின் முகம் மலர்ந்தது. "அப்ப குடி பிசகாது. நல்லமாப் போச்சி."

அவன் சொல்ல வந்த மிச்சத்தை அவள் கேட்கவில்லை. ராணி ஒரே பயணத்தில் பல ஆண்களோடு கலப்பாள் என்பதை அவன் அவளிடம் சொல்லக் கூச்சப்பட்டு அபுல் ஹஸனிடம் சொன்னான். அபுல் ஹஸன் அதைப் பெண்சாதியிடம் சொல்ல ஏற்ற இடம் தேடி, கிடைக்காமல், சொல்லாமலே விட்டான்.

றாஹிலாவின் தேன் ஒவ்வொரு போத்தலும் ஒரே நிறம், ஒரே ருசி. கல்முனைக் கடைக்காரர்கள் அதற்காகவே அதை விரும்பினார்கள். ஒழுங்கைக்காரர்களுக்கு அவள் சும்மாவே கொடுத்தாள். அதைத் தின்றவர்கள் கொஞ்சங் கொஞ்சமாக ஒன்றுபட்டார்கள். ஒரு வீட்டில் கொட்டாவி விட்டால் கடைசி வீடு வரை அதே கொட்டாவி. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பசித்தது. ஒரே நேரத்தில் கக்கூஸ் வந்தது, அதனால் கொஞ்சம் கஷ்டமிருந்தது. சண்டை இல்லாமல் போனது. எல்லாருக்கும் ஒன்றாகக் கோபம் வந்து, யாரோடு பிடிப்பது என்று பார்ப்பதற்குள் ஒன்றாக ஆறிவிடும். வேறு ஒழுங்கைக்காரர்கள் பார்த்து ஆசைப்பட்டார்கள். அபுல் ஹஸன் மட்டும் இதில் சேரவில்லை. அவனுக்குச் சீனி வருத்தம், தேன் தொடக்கூடாது. அவன் தன்பாட்டில் தனியாகக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

வளவின் மறுபாதியில் மகள் நிஹ்லாவுக்கு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. தேனில்தான் அது எழும்பியது. சுவர் ஜன்னல் தலை மட்டத்துக்கு வந்த சித்திரையில் வெக்கை ஒருநாள் அளவு மீறியது. தேனீக்கள் எல்லாம் ஒன்றாக விசிறின, பெட்டிகள் முழத்தைத் தாண்டிக் கூரையையும் தாண்டி வலையை முட்டின. பிறகு எல்லாத் தேனீக்களும் ஒன்றாகக் களைத்தன. வரிசையில் பாதிப் பெட்டிகள் விழுந்து உடைந்தன. மெழுகு உருகித் தேன் வடிகானுக்குள் ஓடியது. மிஞ்சிய பெட்டிகளைத் திறந்து பார்த்தபோது தேன்வதையில் பாதி அறை வெறுமையாக இருந்தது, எலி வெட்டின வயல் மாதிரி. ஒரே தாய்வழிக்குள் திரும்பத் திரும்பக் கலந்தால் முட்டையில் பாதி உருப்படாது. அந்தக் குஞ்சுகளை வேலைக்காரத் தேனீக்களே மோப்பம் பிடித்து அப்புறப்படுத்திவிடும். றாஹிலா அதைக் கண்ணூறு என்றாள். வலையில் கிழிந்த இடங்களைத் தைக்கச் சொன்னாள்.

அதே மாதம் ஒழுங்கை முழுவதும் ஒரே நாளில் காய்ச்சலில் விழுந்தது. ஒருவரும் எழும்பவில்லை. ஒருவருக்கு ஒருவர் கஞ்சி வைத்துக் கொடுக்கவோ, ஒரு கோப்பை தண்ணீர் நீட்டவோ ஆளில்லை. அபுல் ஹஸன் இடது கையால் அடுப்பு மூட்டி, வாளியில் கஞ்சி எடுத்து வீடு வீடாக ஊற்றினான். "ஒத்துமையா இரிந்தீங்க, இப்ப ஒத்துமையாக் கிடக்கிறீங்க," என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னான். எல்லாரும் ஒன்றாகச் சிரிக்கப் பார்த்து ஒன்றாக இருமினார்கள்.

காய்ச்சல் விட்ட பிறகு, வீதிக்கு அடுத்த பக்கத்திலிருந்து ஜெனூபா, ஊர் வழமையைப் பார்க்காமல் தானே முந்தி, தன் மகன் றிபாஸுக்கு நிஹ்லாவைக் கேட்டு வந்தாள். றிபாஸ் கட்டாரில் நின்றவன், சாராயம் சிகரெட் இல்லாதவன், நிஹ்லாவுக்கும் மறுப்பில்லை. தேத்தண்ணி வந்தது. றாஹிலா கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"உங்கட உம்மாட குடி என்ன?"

"வெள்ளையும்மா குடி."

றாஹிலா பிஸ்கட் தட்டை அவள் பக்கம் தள்ளிவைத்தாள். "நாங்களும் அதுதான். அப்ப றிபாஸ் எனக்கு மகன். நிஹ்லாக்குக் காக்கா."

"இந்தக் காலத்துல ஆருகா குடி பார்க்கிற? எந்தக் காலத்துலயோ பிரிஞ்ச சனம்."

"நான் பார்க்கிறன்."

ஜெனூபா பிஸ்கட்டைத் தொடாமல் எழும்பினாள். முற்றத்தில் குடையை விரிக்கப் போனவள் அண்ணாந்து பார்த்தாள். வலை சூரியனைச் சல்லடை போட்டிருந்தது. அதற்குக் கீழே ஆண் தேனீக்கள் முட்டி முட்டித் திரும்பிக்கொண்டிருந்தன.

"என்ட புள்ளைக்குக் குடி பார்த்தீங்க," என்றாள், ஒழுங்கைக்கே கேட்கும்படி. "இந்தப் பூச்சியளுக்கு ஆரு பார்த்த? காக்காமாரையும் தங்கச்சிமாரையும் ஒரு வளவுக்குள்ள வலையைப் போட்டு அடைச்சி வெச்சிரிக்கீங்களே, றாஹிலா! இதுல எனக்கு முறை சொல்ல வந்திட்டீங்க."

குடை விரிந்தது, ஜெனூபா போனாள். றாஹிலா பெட்டி வரிசையைத் தலையிலிருந்து கிணற்றடி வரை பார்த்தாள். தாய் மட்டும்தான் என்று மதுஷன் சொன்னது இப்போதுதான் அவளுக்கு முழுதாகக் கேட்டது. தாய் மட்டும் என்றால், வரிசையில் இருந்த எல்லா ராணிகளும் அலுமாரி ராணியின் வழி என்றால், இந்த வளவில் வேறு குடி என்று ஒரு சிறகு கூட இல்லை. நிஹ்லா ஜன்னலில் நின்று, "உம்மா, அந்த மனிசி சொன்ன சரிதானே?" என்றாள். அபுல் ஹஸன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"சிரிச்சது போதும்," என்றாள் றாஹிலா. "கத்தி எங்க?"

அவனால் கை தூக்க முடியாது. ஆனால் றாஹிலா கத்தியைத் தலைக்கு மேலே உயர்த்திய அதே கணத்தில் ஒழுங்கைக்காரர் எல்லாருக்கும் கை உயர்ந்தது. மீன் வெட்டிக்கொண்டிருந்தவர், பலகை அறுத்துக்கொண்டிருந்தவர் எல்லாரும் அந்தந்தக் கத்தியோடு வந்து, மரங்களில் ஏறி, ஒரே வெட்டாக வெட்டினார்கள். வலை விழுந்தது. றாஹிலா வளவு ஆண்களைப் பெட்டிக்குள் அடைத்துவைக்க, கன்னி ராணிகள் ஆகாயத்துக்குப் போய், அங்குமிங்கும் சுற்றி, சும்மா திரும்பி வந்தன. ஒரு பக்கம் கடல். மறுபக்கத்துக் கூடுகளைப் புகை போட்டது அவளேதான். மாப்பிள்ளை என்று கரையில் ஒன்றும் மிச்சமில்லை. கலக்காத ராணி கிழடாகிவிடும், பெட்டி சாகும், பெட்டி செத்தால் நிஹ்லாவின் வீடு ஜன்னல் தலையோடு நின்றுவிடும்.

இந்தக் கரையில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போகிறவர்கள். றாஹிலா பெருநாள் சாரியை உடுத்தாள். தொதல் என்கிற அல்வா கிண்டித் தட்டில் வைத்தாள். அபுல் ஹஸனைப் பக்கத்தில் நடக்கவிட்டுப் பாண்டிருப்புக்குப் போனாள். மதுஷன் வாசலில் இஞ்சின் கழற்றிப் போட்டுக்கொண்டு குந்தியிருந்தான்.

"என்னக்கா, தட்டோட வாறியள்?"

"மாப்பிள கேட்டு வந்திரிக்கன்."

"நான் கலியாணம் முடிச்சிட்டன் அக்கா. நீங்க பிந்திட்டியள்."

"சேட்ட விடாத மனே. உன்ட பூச்சியில கேட்கன். ஒரு கூட்டுல வேணாம். நாவிதன்வெளியில எத்தின மரத்துல கூடு இரிக்கோ, அத்தின மரத்து ஆணும் வேணும். மருத மரத்துக் குடி, புளிய மரத்துக் குடி, புத்துக் குடி, எல்லாம்."

மதுஷன் கையைத் துடைத்துவிட்டு ஒரு தொதல் எடுத்தான். இந்த நாளை அவன் ஆறுதலாக அனுபவிக்க விரும்பினான். "எங்கட பக்கமும் குடி இருக்கு, முறை தெரியும். சீதனம் என்ன?"

"ராணி ஒண்டு. முதல் புறக்கிற பொம்புளப் புள்ள உனக்கு. உன்ட பெட்டியில கொண்டு போய் வெச்சிக்க."

அபுல் ஹஸன் பெண்சாதியைத் திரும்பிப் பார்த்தான். மகளை வெளியே கொடுப்பதாக இந்தக் கரையில் ஓர் உம்மா சொன்னதை அவன் அதுவரை கேட்டதில்லை.

"உறுதியோ?" என்றான் மதுஷன்.

"உறுதி."

மாப்பிள்ளைகள் மாரி தொடங்குகிற நாளில் வந்தார்கள். கிட்டங்கித் தாம்போதிப் பாதைக்கு மேலால் தண்ணீர் ஓடியது. லேண்ட்மாஸ்டர் சில்லு மூழ்க மூழ்க ஊர்ந்து வந்தது. அதன் பின்வண்டியில் ஒவ்வொரு மரத்துக் கூடும் தனித்தனிப் பலகைப் பெட்டிக்குள் இருந்தது. றாஹிலா ஒழுங்கை முகப்பிலேயே நின்று வரவேற்றாள். வளவில் கதவுகளைத் திறந்தபோது மஞ்சள் கட்டுப் போட்டது, செம்பட்டை, பெருத்தது, கட்டைச் சிறகுக்காரன் என்று ஒன்றைப் போல இன்னொன்று இல்லாத ஆண் தேனீக்கள் எழும்பின. கரைவலைத் தோணியைப் பத்துப் பதினைந்து பேர் ஏலேலோ போட்டுத் தள்ளுகிற மாதிரி ஒரு சத்தம் தென்னைகளுக்கு மேலே கேட்டது. ராணிகள் ஒவ்வொன்றாக மேலே போயின. ஒழுங்கைப் பெண்கள் எல்லாரும் குரவை போட்டார்கள், ஒரே தொண்டை மாதிரி, ஒரு குரல் கூட முந்தாமல் பிந்தாமல். அப்படியொரு குரவை அதற்குப் பிறகு சாய்ந்தமருதில் கேட்கவில்லை. அன்று பின்னேரம் வரை கடற்கரையில் பச்சை நெல்லின் மணம் நின்றது. அன்று பிடித்த மீனிலும் கொஞ்சம் இருந்தது, கழுவப் போய்விட்டது.

புதிய தேனீக்கள் குணம் கெட்டவையாக இருந்தன. றாஹிலாவின் கண் வீங்கியது, மதுஷனின் காது வீங்கியது. "உன்ட பக்கத்து ரெத்தம்," என்றாள் அவள். "உங்கட பக்கத்து வாய்," என்றான் அவன். ஒரு போகம் போனதும் அடங்கின. வதையில் வெறும் அறை இல்லாமல் போனது. வெக்கை வந்தால் சில விசிறின, சில தண்ணீருக்குப் போயின, சில ஒன்றும் செய்யாமல் படுத்திருந்தன, பெட்டி தரையில் இருந்தது. தேனில் ஒவ்வொரு போத்தலும் ஒவ்வொரு நிறம். கடைக்காரர்கள் முறைப்பட்டார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். அந்தத் தேனைத் தின்ற ஒழுங்கையில் கான் தண்ணீருக்காக முதல் சண்டை வந்தபோது சனம் கதிரை போட்டுப் பார்த்தது. அடுத்த காய்ச்சலில் பாதிப் பேர் விழுந்தார்கள், மற்றப் பாதி கஞ்சி வைத்து, அதில் உப்பில்லை என்று பேச்சும் வாங்கியது.

நிஹ்லாவின் வீட்டுக்குக் கூரை ஏறியது. மருதமுனையிலிருந்து ஓடாவி குடி மாப்பிள்ளை ஒருவன் ஒரு சூட்கேசோடு வந்து சேர்ந்தான். ஜெனூபா கலியாணத்துக்கு வந்து வட்டிலப்பம் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாள். போகும்போது வழிமறித்து ஒரு போத்தல் தேனும் கேட்டாள். றாஹிலா இரண்டு கொடுத்தாள்.

தாய்ப்பெட்டி மட்டும் கீழே இறங்கவில்லை. பழைய வழியும் புதிய வழியும் அதற்குள் கலந்து கிடப்பதால் முன்போல நேராக நிற்காமல், ஒரு முழ உயரத்தில், நங்கூரம் போட்ட தோணி மாதிரி மெல்ல ஆடிக்கொண்டிருக்கிறது. அபுல் ஹஸன் பின்னேரங்களில் அதற்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு வலது கையை அதன்மேல் தூக்கி வைத்துவிடுவான். ஆட்டத்தில் தோள் வலி இறங்கிவிடுகிறது. கல்முனை மருத்துவரின் எண்ணெயைவிட இது நல்லது என்கிறான்.

மதுஷனுக்குச் சொன்ன ராணியை றாஹிலா அனுப்பாமல் இல்லை. சின்னக் கூட்டில் அடைத்து, தோழிகளையும் சேர்த்து, லேண்ட்மாஸ்டரில் ஏற்றிவிட்டாள். லேண்ட்மாஸ்டர் வயலைக் கடந்து, கிட்டங்கியைக் கடந்து, நாவிதன்வெளி போய்ச் சேருவதற்கு முன்னமே அது கூட்டை விட்டுத் திரும்பிவந்து, தாய்ப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த வெறும் பெட்டியில் இறங்கிவிட்டது. அடுத்த வருஷம் அனுப்பியதும் அப்படித்தான், அதற்கடுத்ததும். உம்மா வளவை விட்டு மகள் போகும் வழக்கம் இந்தக் கரையில் இல்லை. மதுஷன் ஒவ்வொரு மாரியிலும் வந்து, ஆடுகிற பெட்டியைத் தாண்டி நடந்து, கேட்கிறான்.

"என்னக்கா, என்ட சீதனம்?"

"நீ வந்து இஞ்ச இரி மனே. பெட்டி வெறுசாத்தான் கிடக்கு."

அவன் சிரித்துக்கொண்டு ஒரு தொதலோடு போய்விடுகிறான். பாண்டிருப்பு மதுஷனுக்கு றாஹிலா ஒரு ராணித் தேனீ கடன்.